பின்னால் வருகிறவன்

மின்தூக்கிக் கதவு நான்காம் மாடியில் திறந்தபோது அங்கே யாரும் நிற்கவில்லை. யாரோ பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறிப் போயிருக்க வேண்டும். உள்ளே இருந்த சீனப் பெண் ஒன்பதாம் மாடிக்குப் போக வேண்டியவள். அந்தப் பொத்தானில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆனாலும் அவள் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நான்காம் மாடியிலேயே விறுவிறுவென்று இறங்கிவிட்டாள். சிறுமி திரும்பிப் பார்த்தாள். தாய் அவள் தலையை முன்பக்கம் திருப்பிவிட்டாள்.

கதவு மூடியது. கஜன் மட்டும் மேலே போனான். சிங்கப்பூரின் புக்கிட் மேரா வட்டாரத்துக்குக் குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புது இடம், முகம் பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று நினைத்துக்கொண்டான்.

கஜன் நடிகன். குவீன்ஸ்டவுனில் பிறந்து வளர்ந்தவன். தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவர். அப்பா அம்பிகைபாகன் ஒரே வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். கஜனையும் வங்கியில்தான் சேர்த்தார். அவன் இரண்டே வருடத்தில் அதை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்துவிட்டான். ஆள் உயரம், நல்ல கறுப்பு, தடித்த புருவம். தொலைக்காட்சியில் அவனுக்குக் கிடைத்த வேடங்களை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம்: குடிகாரன், அடியாள், மனைவியை அடிக்கிறவன். ஒரு தடவையாவது பள்ளி ஆசிரியராகவோ டாக்டராகவோ நடிக்கலாமா என்று கேட்டதற்கு, "பாக்கலாம் லா," என்றார்கள். பிறகு யாரும் பார்க்கவில்லை.

போன வருடம் ஆங்கிலத்தில் ஒரு குற்ற நிகழ்ச்சி வந்தது. பழைய வழக்குகளை நடித்துக் காட்டும் நிகழ்ச்சி. அதில் ஓர் அத்தியாயத்தில், தனியாக வாழும் ஒரு பாட்டியின் பின்னாலேயே படியேறிப் போய் நகையைப் பறிக்கிற வெளிநாட்டு ஊழியனாக கஜன் நடித்தான். உண்மையான வழக்கில் பறித்தவன் வெளிநாட்டு ஊழியன் அல்ல. அதே மாடியில் குடியிருந்தவன். இதைக் கஜனே இயக்குநர் மிதுனனிடம் கேட்டான்.

"பக்கத்து வீட்டுக்காரன்னு போட்டா நூறு பேரு கம்ப்ளைன் பண்ணுவாங்க லா," என்றான் மிதுனன். "இவங்க யாரு கம்ப்ளைன் பண்ணப் போறாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். கஜனும் சிரித்தான்.

அந்த வேடத்துக்காக அவன் மெனக்கெட்டான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெளிநாட்டு ஊழியர்கள் விடுமுறையில் கூடும் தேக்காவுக்குப் போய்ப் புல்தரையில் உட்கார்ந்து, கூட்டம் கூட்டமாக வந்துபோன ஊழியர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். வாரம் முழுக்கக் குனிந்து தூக்கிய முதுகுகள் எப்படி நடக்கின்றன என்று பார்த்தான். அந்தக் களைத்த நடையை எடுத்துக்கொண்டு, அதில் கொஞ்சம் பதுங்கலைச் சேர்த்தான். பதுங்கல் அவனுடைய சொந்தச் சரக்கு. கண்காணிப்புக் கேமராவில் பதிவானதுபோல, சத்தமில்லாமல், கறுப்பு வெள்ளையில் அந்தக் காட்சியை எடுத்தார்கள். பார்த்தவர்கள் உடம்பு சிலிர்த்ததாகச் சொன்னார்கள். அவனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

திவ்யதர்ஷினிதான் அந்தக் காணொளித் துண்டை முதலில் கொண்டுவந்தாள். கஜனின் மனைவி, மருத்துவமனையில் தாதி, ஆறு மாதக் கர்ப்பிணி. வேலை முடிந்து வந்தவள் காலணியைக்கூடக் கழற்றாமல் கைப்பேசியை நீட்டினாள்.

"வார்டுல ஒருத்தி அனுப்பினா. இது நீதானே?"

அவன்தான். ஒரு பாட்டி தள்ளுவண்டிப் பையோடு படியேறுகிறாள். பின்னால் அவன். நிகழ்ச்சியின் பெயர் இல்லை, தொலைக்காட்சியின் முத்திரை இல்லை. யாரோ அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். கீழே ஆங்கிலத்தில், இந்த ஆள் புக்கிட் மேரா வட்டாரத்தில் வயதான பெண்களைப் பின்தொடர்கிறான், உங்கள் அம்மாவுக்கு இதை அனுப்புங்கள் என்று எழுதியிருந்தது.

"நல்லா வந்திருக்குல்ல?" என்றான் கஜன்.

இருவரும் சிரித்தார்கள். திவ்யா முதலில் நிறுத்தினாள். "கஜா, நம்ம புளோக் வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டிருக்காங்க."

அவள் அங்கேயே நின்றபடி எழுதினாள்: இது நாடகம், நடித்தவர் என் கணவர், நாங்கள் பதினோராம் மாடியில் இருக்கிறோம். ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார். இன்னொருவர், நாடகம் என்றால் ஏன் கேமரா பதிவு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். அதற்குள் தண்ணீர் நிறுத்தம் பற்றி யாரோ எழுத, அவள் பதில் மேலே போய் மறைந்துவிட்டது. மறுநாள் காலை வேறொருவர் அதே காணொளியைப் புதிதாகப் போட்டார்.

அதன் பிறகு கஜன் ஒவ்வொன்றாகக் கவனிக்க ஆரம்பித்தான். எதிர்வீட்டுக் கிழவர் வாசலில் நிறுத்தியிருந்த சைக்கிளை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். இரும்புக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. கீழே மின்தூக்கிக்காக நிற்பவர்கள் அவனைக் கண்டதும், "நீங்க முதல்ல போங்க," என்று மரியாதையாகக் கை காட்டினார்கள். எல்லாரும் மரியாதையாகத்தான் இருந்தார்கள். அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

அந்தச் சமயத்தில்தான் கட்டடத்துக்கு வண்ணம் பூசும் வேலை தொடங்கியது. கூரையிலிருந்து கயிற்றில் இறங்கும் இரும்புத் தொட்டியில் நின்றபடி ஊழியர்கள் சுவரைச் சுரண்டினார்கள். ஜன்னல்களை மூடி வைக்கச் சொல்லி அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது. திரைச்சீலையில் திடீர் திடீரென்று மனித நிழல் ஏறும், இறங்கும்.

ஒரு நாள் காலை, பாதி திறந்திருந்த சமையலறை ஜன்னல் கண்ணாடியை யாரோ தட்டினார்கள். போய்ப் பார்த்தால், தொட்டியில் ஓர் இளைஞன். தலைக்கவசத்துக்கு வெளியே கொஞ்சம் முடியை அழகாக இழுத்து விட்டிருந்தான். ஜன்னலை மூடச் சொல்ல வந்தவன், உள்ளே தமிழ் வானொலி பாடுவதைக் கேட்டு நின்றுவிட்டான்.

"அண்ணே, தமிழா?" என்றான். பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். "அண்ணே, நீங்க அந்தப் பாட்டி பின்னால போறவர்தானே?"

கஜன் ஜன்னலைச் சாத்தப் போனான்.

"அந்த டிவி நிகழ்ச்சிய எங்க ரூம்ல எல்லாரும் பாத்தோம்ணே. கடைசியில உங்களப் புடிச்சதும் கை தட்டினோம்." அவன் வாய்விட்டுச் சிரித்தான். காணொளி பரவிய பிறகு அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்த முதல் ஆள் அவன்தான்.

பெயர் சுந்தரம். பட்டுக்கோட்டைப் பக்கம். ஓயாமல் பேசுவான். கிரிக்கெட்டைப் பற்றித் தப்புத் தப்பாகச் சொல்லிவிட்டு விடாப்பிடியாக வாதாடுவான். ஊரில் பெண் பார்த்து நிச்சயமாகியிருந்தது; தை மாதம் கல்யாணம். கஜனோடு ஜன்னல் வழியாக ஒரு படம் எடுத்துக்கொண்டான். "பொண்ணுக்கு அனுப்புறேண்ணே. நடிகரோட சிநேகம்னு தெரியட்டும்." அந்தப் பக்கம் தொட்டி இறங்கும்போதெல்லாம் கண்ணாடியைத் தட்டுவான். கஜன் காப்பி கொடுப்பான்.

"அண்ணே, ஒரு சின்ன வேஷம் வாங்கிக் கொடுங்களேன்," என்று ஒரு நாள் கேட்டான். "போலீஸ் வேஷம்."

"எனக்கே இதுவரைக்கும் குடுக்கல லா."

"எனக்கு மீசை நல்லா இருக்குண்ணே," என்றான் சுந்தரம், அதுதான் காரணம் என்பதுபோல.

இடையில் ஒரு மாலை உண்மையான போலீஸே வந்தது. இரண்டு இளம் அதிகாரிகள். புகார் வந்திருப்பதால் பார்க்க வந்ததாகச் சொன்னார்கள். அடையாள அட்டையைக் கேட்டார்கள். அவர்களில் ஒருவன் கஜனைப் பார்த்ததும் சிரித்துவிட்டான்; அவன் அந்த நிகழ்ச்சியைத் தவறாமல் பார்ப்பவன். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்கள். எல்லாம் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது.

ஆனால் அவர்கள் வந்ததை நடைவழியில் பலரும் பார்த்திருந்தார்கள். புளோக் குரூப்பில் ஒரே வரியில் செய்தி வந்தது: பதினோராம் மாடி வீட்டுக்குப் போலீஸ் வந்து போனது. வந்து என்ன சொன்னது என்று யாரும் கேட்கவில்லை. வந்ததே போதுமானதாக இருந்தது.

திவ்யா அன்று சாப்பிடவில்லை. "வேற வீடு பாக்கலாமா?" என்றாள்.

"எங்க போனாலும் இதே மூஞ்சிதானே கூட வரும்?" என்றான் கஜன்.

ஃபஸீலாக்காதான் வழி சொன்னார். ஆறாம் மாடியில் இருப்பவர், குடியிருப்பாளர் குழுவின் தொண்டூழியர், ஐம்பது வயதுக்கு மேல், யாரையும் விட்டுக்கொடுக்காதவர். "சனிக்கிழமை கீழ டீ பார்ட்டி இருக்கு, தம்பி. நீங்களே எல்லார் முன்னாடியும் வந்து பேசிருங்க. ஒரு தடவை நேர்ல பாத்துட்டா சரியாப் போயிரும்."

சனிக்கிழமை கீழ்த்தளத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கூட்டம் நிறையவே வந்திருந்தது. கஜன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் போனான். மேடை அவனுக்குப் புதிதல்ல. பேசத் தொடங்கியதும் பதற்றம் போய்விட்டது. தான் இங்கேயே பிறந்தவன், தேசிய சேவைக்காக ராணுவத்தில் இருந்தவன், அப்பா வங்கியில் வேலை பார்த்தவர், மனைவி தாதி, குழந்தை பிறக்கப் போகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னான். "நான் ஊழியனாக நடித்தேன், அவ்வளவுதான். நான் அவர்களில் ஒருவன் இல்லை," என்றான். அந்த வாக்கியத்தில் கூட்டம் இளகியது. முன்வரிசையில் ஒரு முதியவர் தலையாட்டினார். மின்தூக்கியில் இறங்கி ஓடிய பெண் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அவனுக்கு மது குடித்ததுபோல இருந்தது. இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. எப்படி ஒத்திகை பார்த்தான், தேக்காவில் எங்கே உட்கார்ந்து எப்படிக் கவனித்தான் என்று சொன்னான். சொல்லிக்கொண்டே வெள்ளைச் சட்டையோடு அந்த நடையை நடந்து காட்டினான். முதுகை வளைத்து, தோளை இறக்கி, நாற்காலிகளுக்கு நடுவே, முன்வரிசைப் பெண்ணின் பின்னால். கூட்டம் ஒரு கணம் மூச்சை இழுத்துப் பிடித்தது. பிறகு கைதட்டல்.

"அவங்க நிஜமாவே அப்படித்தான் நடப்பாங்களா?" என்று முதியவர் கேட்டார்.

"கிட்டத்தட்ட," என்றான் கஜன். "படிக்கட்டுப் பக்கம் நிக்கிறதைப் பாத்தாலே தெரியும்."

கீழ்த்தளத்தின் மறு ஓரத்தில், தூண்களுக்குப் பின்னால், வண்ணம் பூசும் ஆட்கள் அட்டையை விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுந்தரம் அங்கிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவனுக்குப் பக்கத்தில் இருந்தவன் பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனான்.

மேலே வரும்போது திவ்யா சொன்னாள்: "நல்லாத்தான் பேசின. அந்த நடை எதுக்கு?"

"அவங்க கேட்டாங்க."

"யாரும் கேக்கல, கஜா. நீயாதான் செஞ்ச."

அன்று மாலையே புளோக் குரூப்பில் அவனையும் சேர்த்துக்கொண்டார்கள். நன்றி கஜன், எதைக் கவனிக்க வேண்டும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும் என்று ஒருவர் எழுதினார். ஃபஸீலாக்கா தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் கொடுத்தனுப்பினார். எதிர்வீட்டு சைக்கிள் மறுபடி வெளியே வந்தது. ஆட்கள் அவனோடு மின்தூக்கியில் ஏறினார்கள், குழந்தை எப்போது என்று கேட்டார்கள். கஜனுக்கு இரவில் மறுபடி தூக்கம் வந்தது.

புதன்கிழமை முதல் குரூப்பில் வேறு படங்கள் வர ஆரம்பித்தன. படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற ஓர் ஊழியன். மின்தூக்கிக்கு அருகில் நிற்கிற இருவர். ஜன்னலுக்கு வெளியே தொட்டியில் ஒருவனின் முதுகு. கீழே, இவன் வெகு நேரமாக உள்ளே பார்க்கிறான் என்று ஒரு வரி. தலைக்கவசத்துக்கு வெளியே துருத்திய முடியை வைத்தே கஜன் அந்த முதுகை அடையாளம் கண்டான். ஏதாவது எழுத வேண்டும் என்று விரலை வைத்தான். என்ன எழுதுவது? இவனை எனக்குத் தெரியும் என்றா? இப்போதுதான் அடங்கியிருக்கிறது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தான்.

மறுநாள் கண்ணாடி தட்டப்பட்டது.

"என்னண்ணே, உங்க புளோக்குல எல்லாரும் என்னைய போட்டோ எடுக்கிறாங்க," என்றான் சுந்தரம். "நானும் நடிகனாயிட்டேன் போல."

"கொஞ்சம் பாத்து இரு, சுந்தரம்."

"எதுக்குண்ணே?"

"சும்மாதான் சொன்னேன்."

சுந்தரம் காப்பியைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தந்தான். வழக்கமாகக் கிரிக்கெட் பேசுகிறவன் அன்று பேசவில்லை. தொட்டி கீழே இறங்கியது.

அடுத்த வாரம் ஒரு பிற்பகல். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மின்னல் எச்சரிக்கையால் வேலையை நிறுத்திவிட்டார்கள். மின்தூக்கியும் அன்று பழுதுபார்ப்புக்காக நின்றிருந்தது. திவ்யா வேலைக்குப் போயிருந்தாள். கஜன் வசனம் பாடம் செய்துகொண்டிருந்தபோது படிக்கட்டுப் பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. ஒரே ஒரு அலறல். பிறகு நிறையக் காலடிச் சத்தம், கீழே பல குரல்கள்.

அவன் கதவைத் திறக்கப் போனபோது கைப்பேசி அடித்தது. பக்கத்து வீட்டு மருதப்பன். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், கறாரான மனிதர்.

"கஜன், வீட்லயா இருக்கே? மூணாவது மாடி மேடம் லிம் படியில விழுந்துட்டாங்க. பெயிண்ட் அடிக்கிறவன் ஒருத்தனப் புடிச்சு வச்சிருக்காங்க. அவன் உன்னைத் தெரியும்கிறான். பதினோராவது மாடி கஜன் அண்ணனக் கேளுங்கன்னு கத்துறான். தெரியுமா உனக்கு?"

கஜனின் கை கதவின் பிடியில் இருந்தது. மருதப்பனுக்குப் பின்னால் குரல்கள் கேட்டன. அந்தக் குரல்களில் சில அந்தச் சனிக்கிழமை அவனுக்குக் கை தட்டியவை.

"பாத்திருக்கேன்," என்றான். "பெயிண்ட் அடிக்கிறவங்கள்ல ஒருத்தன். சரியா தெரியாது."

"சரியா தெரியாதாம்," என்று மருதப்பன் யாரிடமோ சொல்வது கேட்டது. இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கஜன் நடைவழியில் நின்றான். முதல் மழைத்துளிகள் கைப்பிடிச் சுவரில் விழுந்தன. என்ன சொன்னோம் என்பது அவனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்ததும் படிக்கட்டை நோக்கி ஓடினான். எட்டு மாடி இறங்க வேண்டியிருந்தது.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் மேடம் லிம் சுவரில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். ஃபஸீலாக்கா அவர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அரை மாடி கீழே சுந்தரம் குப்புறக் கிடந்தான். அவன் முதுகின் மேல் ஒருவரின் முழங்கால். தோளில் போட்டிருந்த கயிற்றுச் சுருள் பக்கத்தில் சிதறியிருந்தது. அவனுடைய வலது மணிக்கட்டு மணிக்கட்டுபோலவே இல்லை.

அவன் முகத்தைத் திருப்பிக் கஜனைப் பார்த்தான். "அண்ணே," என்றான்.

"விடுங்க. எனக்கு இவனைத் தெரியும்," என்றான் கஜன்.

முழங்காலை ஊன்றியிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்பதானே தெரியாதுன்னு சொன்னீங்க?"

யாரும் நகரவில்லை. போலீஸ் வரும்வரை அந்த முழங்கால் அங்கேயே இருந்தது.

நடந்தது என்ன என்பதைப் பிறகு படிக்கட்டுக் கண்காணிப்புக் கேமரா காட்டியது. கூரையில் தொட்டியைக் கட்டி வைப்பதற்காக சுந்தரம் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறியிருக்கிறான். முன்னால் மேடம் லிம் தள்ளுவண்டிப் பையை ஒவ்வொரு படியாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவன் குனிந்து பையின் அடிப்பக்கத்தைத் தூக்கிவிட்டான். பை திடீரென்று லேசானதும் அவர் திரும்பினார். மங்கலான படிக்கட்டு, வளைந்த முதுகு, கறுத்த முகம். அவர் கையை விட்டார், அலறினார், விழுந்தார். அவன் பையைப் போட்டுவிட்டு அவர் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உதவிக்குக் கூப்பிட்டிருக்கிறான். ஓடிவந்தவர்கள் பார்த்தது, கிழவியின் மேல் குனிந்திருந்த அவனைத்தான்.

போலீஸ் அவனை அன்றே விட்டுவிட்டது. அவன் தவறு செய்யவில்லை என்று தெளிவாகச் சொன்னது. இடுப்பெலும்பு முறிந்து கிடந்த மேடம் லிம்மும் அதையே சொன்னார். பார்க்கப் போன திவ்யாவிடம், "அவன் ஒன்றும் செய்யவில்லை. நான் அந்த வீடியோவை நினைத்துக்கொண்டே படியேறினேன்," என்றார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

குரூப்பில் மருதப்பன் மட்டும், நாம் அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதினார். ஐந்தாறு பேர் கூப்பிய கைகளைப் போட்டார்கள். ஒருவர், எதற்கும் ஊழியர்கள் படிக்கட்டைப் பயன்படுத்தாமல் இருப்பது எல்லாருக்கும் நல்லது என்றார். அதற்கு இன்னும் நிறையக் கைகள் விழுந்தன.

மறுநாள் தொட்டியில் வேறு ஆட்கள் வந்தார்கள். ஜன்னல் பக்கம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கஜன் கண்ணாடியைத் தட்டி, சுந்தரம் எங்கே என்று கேட்டதற்கு, தங்களுக்குத் தெரியாது என்று ஒருவன் தலையசைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கஜன் தேக்காவுக்குப் போனான். புல்தரையில் கும்பல் கும்பலாகக் கேட்டுக்கொண்டே போனான். சிலர் அவனைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அடையாளம் தெரிந்துகொண்டார்கள் என்று புரிந்தது. கடைசியில் ஒரு தேநீர்க் கடை வாசலில் உமைர் என்பவனைக் காட்டினார்கள். கீழக்கரைக்காரன், சுந்தரத்தோடு ஒரே அறையில் இருந்தவன்.

"நீங்கதான் அந்த அண்ணனா?" என்றான் உமைர். உட்காரச் சொல்லவில்லை. "உங்க போட்டோவை ரூம்ல எல்லாருக்கும் காட்டிட்டே இருப்பான்."

"சுந்தரம் எங்க இருக்கான்?"

"ஊருக்கு அனுப்பிட்டாங்க. கை சரியாக மாசக்கணக்காகும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கயிறு புடிக்க முடியாதவன வச்சு என்ன பண்றதுன்னு முதலாளி டிக்கெட் போட்டுட்டாரு." உமைர் கைப்பேசியை எடுத்தான். "நம்பர் தரேன். ஆனா கல்யாணத்தப் பத்தி நீங்களா எதுவும் கேக்காதீங்க. அவனா சொன்னா கேட்டுக்குங்க."

பக்கத்தில் நின்றவர்களில் ஒருவன், "இவரப் பாத்துதான் எல்லாரும் எங்களப் பாக்கிறாங்க," என்று மெதுவாகச் சொன்னான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கஜன் எண்ணை வாங்கிக்கொண்டு சிராங்கூன் சாலைக் கூட்டத்துக்குள் நடந்தான். முதுகை நேராக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

அன்று மாலை திவ்யா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அழைத்தான்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? அண்ணிக்கு எப்ப?" சுந்தரத்தின் குரல் அதே குரல்தான். கொஞ்சம் களைத்திருந்தது. கைக்குக் கட்டு போட்டிருப்பதாகச் சொன்னான். மழை இல்லை என்றான். கஜன் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது, "விடுங்கண்ணே," என்று வேறு பேச்சுக்குத் தாவினான். தொலைபேசியில் தான் மருதப்பனிடம் சொன்னதை அவன் மனதில் வைத்திருக்கிறானா இல்லையா என்பதைக் கஜனால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

"அண்ணே, ஒரு உதவி," என்றான் சுந்தரம் பிறகு. "இங்க ஒரு மாதிரி பேசுறாங்க. பாதியில திருப்பி அனுப்பிட்டாங்களா, அதனால ஏதோ பொம்பள விவகாரம்னு எவனோ கிளப்பி விட்டுட்டான். பொண்ணு வீட்டுல யோசிக்கிறாங்க. பொண்ணோட பெரியப்பா இப்ப இங்கதான் இருக்காரு. நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாங்கண்ணே. நீங்க பெரிய ஆளுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

கைப்பேசி கை மாறியது. ஒரு கனத்த இருமல் கேட்டது.

கஜன் எழுந்து நின்று பேசினான். அவன் இதுவரை எந்தக் கேமராவின் முன்னாலும் அப்படிப் பேசியதில்லை. மழைக்கு இருட்டிய படிக்கட்டைச் சொன்னான், பையைத் தூக்கிவிட்டதைச் சொன்னான், தலையைத் தாங்கிப் பிடித்ததைச் சொன்னான். கேமராவில் எல்லாம் இருப்பதாகவும், போலீஸே அவன்மேல் தவறில்லை என்று சொன்னதாகவும், விழுந்த அம்மாவே அழுததாகவும் சொன்னான். அந்தக் காணொளியில் இருப்பது தான்தான் என்று சொன்னான். "தப்பு எங்க மேலதான், ஐயா. என் மேலதான்," என்றான். திவ்யா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுமுனையில் எங்கோ ஒரு குழந்தை அழுதது.

"எல்லாம் சரிங்க, தம்பி," என்றார் அந்தப் பெரியவர் நிதானமாக. "அந்தப் பையன் மேல தப்பே இல்லேன்னா, அவன எதுக்கு அனுப்பினாங்க?"

கஜன் வாயைத் திறந்தான். கை, கயிறு, முதலாளி, டிக்கெட் என்று அடுக்கினான். சொல்லச் சொல்ல அது அவனுக்கே ஒரு சாக்குபோலக் கேட்டது.

"நீங்க நடிகர்னு பையன் சொன்னான்," என்றார் அவர். "நல்லா பேசுறீங்க, தம்பி."

மறுமுனையில் கைப்பேசி வைக்கப்பட்டது.